எந்தக் கட்டுரையில் கை வைப்பது? – விக்கிப்பீடியா கேள்வி பதில்

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை மேம்படுத்துவதைப் பாட வேலையாகத் தரும் ஆசிரியர்கள் பெருகிவருகிறார்கள். எப்படி எழுதுவது என்பதைவிட எதை எடுப்பது என்றுதான் மாணவர்கள் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்கள்.

சுற்றுச்சூழல் படிக்கிறேன். புவி சூடாதல் கட்டுரையை எடுக்க ஆசை. சீனியர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

சீனியர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் பருவநிலை மாற்றம் பற்றிய முதன்மைக் கட்டுரை ‘சிறப்புக் கட்டுரை’ என்ற உச்சத் தரத்தில் இருக்கிறது. அதில் பல வரிகள் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் தனிப் பக்கம்) வாதாடி முடித்து வைக்கப்பட்டவை. அந்தத் துறையையே ‘சர்ச்சைக்குரிய துறை’ என்று அறிவித்து, தொகுப்பவர்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நேற்றுக் கணக்குத் தொடங்கியவர் அங்கே ஒரு பத்தி சேர்த்தால், நல்ல பத்தியாகவே இருந்தாலும் நிலைப்பது கடினம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வளவு காவல் இருக்காது. ஆனால் அங்கே வேறு சிக்கல்: தலைப்பு மிகப் பெரிது. வளிமண்டல வேதியியல், கடல்மட்டம், வேளாண்மை, பன்னாட்டு ஒப்பந்தங்கள் என்று பத்துத் துறைகள் அதற்குள் கிடக்கின்றன. ஒரு பருவத்தில் ஒரு மாணவர் அத்தனையையும் தொட்டால் எல்லாவற்றிலும் இரண்டு வரிதான் எழுத முடியும்.

இரண்டு படி கீழே இறங்குங்கள். புவி சூடாதலில் இருந்து கடல் வெப்பமடைதல், அதிலிருந்து பவளப்பாறை வெளிறுதல். நூலகத்தில் ஒரு தலைப்புக்கு ஓர் அலமாரியே இருந்தால் அது உங்களுக்குப் பெரிது. ஒரு நூல்கூட இல்லையென்றால் அதுவும் ஆகாது. நாலைந்து நூல்களில் தனி இயல், அதோடு ஐந்தாறு மீளாய்வுக் கட்டுரைகள் (பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுபவை) என்றால் சரியான அளவு.

ஒரு கட்டுரையைக் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு ஏற்றதுதானா என்று எப்படி உறுதி செய்வது?

அரை மணி நேர வேலை. காற்றழுத்தமானி பற்றிய ஒரு கட்டுரை மூன்று பத்தியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே, ஒரு பாடநூலில் காற்றழுத்தமானி இயலைத் திறந்து அதில் உள்ள துணைத்தலைப்புகளைத் தாளில் எழுதுங்கள். டாரிசெல்லியின் 1643ஆம் ஆண்டுச் சோதனை, 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பூய் தெ தோம் மலையில் ஏறி உயரத்துக்கேற்பப் பாதரச மட்டம் இறங்குவதைக் காட்டியது, பாதரசமானி, திரவமில்லாத அனிராய்டு மானி, மின்னணு உணரி, வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் செய்யும் திருத்தங்கள், வானிலைக் கணிப்பில் பயன். இப்போது விக்கிக் கட்டுரையைப் படித்து ஒவ்வொன்றாக அடியுங்கள். டாரிசெல்லி இருக்கிறார், பாதரச உயரம் 760 மில்லிமீட்டர் என்பது இருக்கிறது, அவ்வளவுதான். அனிராய்டு ஒரு வரி. திருத்தங்கள் பற்றி எதுவும் இல்லை. பாதரசக் கருவிகளைக் கைவிடச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது, அதுவும் இல்லை. அடிபடாமல் நிற்பவைதான் உங்கள் வேலை. முதலில் கட்டுரையைப் படித்துவிட்டால் இந்தப் பட்டியல் வராது. அதில் இருப்பதே போதும்போலத் தோன்றிவிடும். கண் அதற்குப் பழகிவிடும்.

அடுத்து அடிக்குறிப்புகள். மூன்று பத்திக்கும் சேர்த்து ஒரே ஒரு சான்று, அதுவும் திறக்காத இணைப்பு என்றால் மேம்படுத்த இடம் தாராளமாக உண்டு. வரிக்கு வரி நல்ல நூலின் பக்க எண் இருந்தால், யாரோ பொறுப்பாக வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள், வேறு பாருங்கள்.

பிறகு, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் ‘வரலாறு’ பக்கம். கடைசி ஆறு மாதத்தில் தானியங்கி நிரல்கள் பகுப்பு (கட்டுரையின் வகைப் பட்டியல்) மாற்றியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லையா? நல்லது. ஒரே வாரத்தில் இருவர் மாறி மாறி மீள்வித்துக்கொண்டிருக்கிறார்களா, அதாவது ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் நீக்கிப் பழையபடி ஆக்குகிறார்களா? நகர்ந்துவிடுங்கள். ஒரே பயனர் பெயர் தொடர்ந்து வந்தால், தொடங்குவதற்கு முன் அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பத்து ஆண்டு வளர்த்த கட்டுரையை யாரோ ஒரு மாலையில் புரட்டிப்போட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

கடைசியாகக் கட்டுரையின் பேச்சுப் பக்கம். ஆங்கிலத்தில் அதன் உச்சியில் தர அளவு ஒட்டியிருக்கும்: குறுங்கட்டுரை, தொடக்கம், சி, பி, நல்ல கட்டுரை, சிறப்புக் கட்டுரை என்று ஏறும் வரிசை. மாணவருக்குத் தோதானது தொடக்கமும் சியும். ஆனால் அந்த ஒட்டை முழுதாக நம்ப வேண்டாம். என்றோ யாரோ ஒட்டியதாக இருக்கலாம். அதற்குப் பிறகு கட்டுரை மூன்று மடங்கு வளர்ந்திருக்கும், ஒட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ‘இந்தக் கட்டுரையில் இது இல்லை, இந்த நூலைக் கொண்டு அதைச் சேர்ப்பேன்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுத வந்தால் எடுங்கள். வராவிட்டால் விடுங்கள்.

இரண்டே வரி உள்ள குறுங்கட்டுரையை எடுத்தால் எதைச் சேர்த்தாலும் முன்னேற்றம்தானே? சுலபமாக இருக்காதா?

பாதி உண்மை. ஒரு கட்டுரை இரண்டு வரியில் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். யாரும் எழுதவில்லை என்பது ஒன்று. எழுதுவதற்குச் சான்றே கிடையாது என்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டால் நான்கு வாரம் தேடி, கடைசியில் வலைப்பூவையும் விளம்பரப் பக்கத்தையும் சான்றாக வைக்க வேண்டிவரும். அது நீக்கப்படும்.

சான்றுகளைக் கையில் எடுத்த பிறகு குறுங்கட்டுரைக்கு வாருங்கள். அப்போது அது தங்கம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை ஏழு நாளுக்குள் ஐந்து மடங்கு விரித்து, உரைப்பகுதி 1,500 எழுத்துக்குக் குறையாமல் இருந்தால், முதற்பக்கத்தின் ‘உங்களுக்குத் தெரியுமா’ பகுதிக்கு முன்மொழியலாம். 300 எழுத்துக் கட்டுரையை 1,500 ஆக்குவது ஒரு வார வேலை. 6,000 எழுத்துக் கட்டுரையை ஐந்து மடங்காக்குவது அப்படியல்ல.

எந்தத் துறையில் தேடுவது என்றே தெரியாதவர்களுக்கு: எல்லா மொழி விக்கிப்பீடியாக்களிலும் இருக்க வேண்டிய 1,000 கட்டுரைகள் என்று ஒரு பட்டியல் மேல்விக்கியில் (விக்கித் திட்டங்களுக்கான பொதுத் தளமான மெட்டா-விக்கி) இருக்கிறது. அதில் உங்கள் பாடத்துக்குரிய பகுதியைத் திறந்து, தமிழில் எவை மெலிந்து கிடக்கின்றன என்று பாருங்கள். தலைப்பு முக்கியமானதா என்ற கேள்வியே அங்கே எழாது.

எத்தனை சான்று வேண்டும்? செய்தித்தாள் போதுமா?

எண்ணிக்கைக்கு விதி இல்லை. நடைமுறையில், தொடங்கும்போதே ஒன்றையொன்று சாராத ஐந்து கையில் இருக்கட்டும். ஒரே நூலை வைத்து முழுக் கட்டுரையும் எழுதினால் அந்த நூலாசிரியரின் சாய்வு அப்படியே இறங்கிவிடும். அதைவிட மோசம், வாக்கிய அமைப்பும் உங்களை அறியாமலே இறங்கிவிடும். பதிப்புரிமை மீறல் என்று நீக்கப்படும் மாணவர் உரைகளில் பல, திருடும் எண்ணத்தோடு எழுதப்பட்டவை அல்ல. ஒரே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் மாற்றி மாற்றி எழுதியவை. இரண்டு நூலைப் படித்து, இரண்டையும் மூடி, குறிப்பிலிருந்து எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

எந்தச் சான்று என்பது தலைப்பைப் பொறுத்தது. அண்மை நிகழ்வுக்குச் செய்தித்தாள் பொருந்தும். அறிவியலுக்குப் பொருந்தாது, ‘விஞ்ஞானிகள் சாதனை’ என்ற செய்தி பெரும்பாலும் ஒரே ஓர் ஆய்வைப் பற்றியது. பாடநூல், மீளாய்வுக் கட்டுரை, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஆகியவைதான் அங்கே முதலில். ஒரு தனி ஆய்வை அதை நடத்தியவர்களே எழுதினால் அது முதன்மைச் சான்று. அதை வைத்து ‘இது நிரூபிக்கப்பட்டது’ என்று எழுத முடியாது.

விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியாவே சான்றாகாது. அரட்டைச் செயலி எழுதித்தந்த சான்றுப் பட்டியலும் ஆகாது. அவை நூல் பெயரையும் பக்க எண்ணையும் உண்மைபோலவே புனைந்து தரும். நூலுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐத் தேடினால் வேறேதோ நூல் வரும், அல்லது எதுவும் வராது. நீங்கள் கண்ணால் பார்க்காத பக்கத்தை அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் வேலை எளிதாகுமே? அதை மேம்படுத்தியதாக ஏற்பார்களா?

ஏற்பார்கள், ஆனால் எளிது என்பதை ஏற்க முடியாது.

முதலில் உரிமை. விக்கிப்பீடியா உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் மொழிபெயர்க்கலாம். ஆனால் எழுதியவர்களுக்குரிய பெயரைக் கொடுத்தாக வேண்டும். சேமிக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் (என்ன மாற்றினீர்கள் என்று எழுதும் சிறு பெட்டி) எந்த மொழி, எந்தக் கட்டுரை என்று இணைப்போடு எழுதினால் போதும். இந்த ஒரு வரியைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

அடுத்து, மூலக் கட்டுரையே சரியானதா? ஆங்கிலத்தில் இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ‘சான்று தேவை’ என்று குறியிட்ட வரியைத் தமிழில் குறியில்லாமல் கொண்டுவந்தால், ஐயத்தை உண்மையாக்கிவிடுகிறீர்கள். குறைந்தது முக்கியமான அடிக்குறிப்புகளையாவது திறந்து, அவை அந்தச் செய்தியைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு இயந்திர மொழிபெயர்ப்பு. ‘பவர்’ என்ற சொல் இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, அரசியலில் அதிகாரம். ‘செல்’ உயிரியலில் உயிரணு, மின்னியலில் மின்கலம், சிறையில் அறை. ‘கரண்ட்’ மின்னோட்டமாகவும் கடல் நீரோட்டமாகவும் ‘தற்போதைய’ என்றும் வரும். இயந்திரம் இவற்றில் ஒன்றைத் தானாகத் தேர்ந்துகொள்ளும். மாணவர் அவசரத்தில் பார்க்க மாட்டார். ‘எண்ணின் அதிகாரம் இரண்டு’ என்று ஒரு கணிதக் கட்டுரை நிற்கும். எனவே உங்கள் பாடத்தில் உள்ள தலைப்பை மட்டும் மொழிபெயர்க்க எடுங்கள்; கலைச்சொல் தவறினால் உங்களுக்கே உறுத்த வேண்டும். முழுக் கட்டுரையையும் கொண்டுவர வேண்டியதில்லை. தமிழில் இல்லாத இரண்டு பிரிவுகளை மட்டும் நன்றாகக் கொண்டுவந்தால் அதுவே போதுமான வேலை.

எங்கள் கல்லூரி பற்றிய கட்டுரை மிக மோசமாக இருக்கிறது. நானே சரிசெய்யலாமா?

வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வெளியில் அச்சாகியிருக்காது. அச்சானதில் பெரும்பகுதி கல்லூரியே வெளியிட்டது. நடுநிலையாக எழுதினாலும் நடுநிலை என்று யாரும் நம்பப்போவதில்லை. குடும்பத்தார், வேலை செய்யும் நிறுவனம், சேர்ந்திருக்கும் அமைப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில். தவறான ஆண்டு போன்ற ஒன்று கண்ணில் பட்டால், உங்களுக்குள்ள தொடர்பைச் சொல்லி, சான்றோடு பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள், வேறொருவர் திருத்துவார்.

மருத்துவ மாணவர்கள் நாங்கள். நோய்களைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறோம்.

எழுதலாம், ஆனால் இங்கே பிடி இறுக்கம். மருத்துவச் செய்திக்கு மீளாய்வுக் கட்டுரை, பெயர்பெற்ற பாடநூல், மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள் ஆகியவையே சான்று. அவையும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்குள் வந்தவையாக இருந்தால் நல்லது. எலியில் நடந்த சோதனையை வைத்து ‘இந்த மூலிகை குணப்படுத்தும்’ என்று எழுதியது ஒரு மணி நேரம்கூட நிற்காது; நிற்கவும் கூடாது. மருந்தளவு எழுதாதீர்கள்.

முதல் முறை என்றால் நோயைவிட உடற்கூறு, உடலியங்கியல், மருத்துவக் கருவிகள், மருத்துவ வரலாறு ஆகியவற்றில் தொடங்குங்கள். தவறு நேர்ந்தாலும் யார் உடம்பையும் பாதிக்காது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளிலும் இதே எச்சரிக்கை உண்டு: சான்றில்லாமல் குறை சொல்லும் ஒரு வரி அங்கே உடனடியாக நீக்கப்படும்.

மூன்று வாரம் எழுதியதை ஒரே சொடுக்கில் மீள்வித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி நீக்கினார்கள். என்ன செய்வது?

மூன்றாவது முறை போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீள்வித்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு தடைபடலாம். நீங்கள் எழுதியது எங்கும் போய்விடவில்லை; வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தேதியைச் சொடுக்கினால் முழுதாக இருக்கிறது.

மீள்வித்தவர் தொகுப்புச் சுருக்கத்தில் ஏதாவது காரணம் எழுதியிருப்பார். அதைப் படியுங்கள். ‘சான்றில்லை’ என்றால் சான்றோடு வாருங்கள். ‘கட்டுரை நடை’ என்றால், ‘இக்கட்டுரையில் நாம் காணப்போவது’, ‘முடிவாகக் கூறின்’ என்று கல்லூரித் தேர்வுத்தாள்போல எழுதியிருப்பீர்கள். காரணம் இல்லையென்றால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்: ‘அனிராய்டு மானி பற்றி மூன்று பத்தி சேர்த்திருந்தேன். நீக்கியதற்குக் காரணம் அறிய விரும்புகிறேன். சான்றில் சிக்கலா, நடையிலா?’ இவ்வளவு போதும். ‘இது என் மதிப்பெண்’ என்று கெஞ்ச வேண்டாம். உங்கள் மதிப்பெண் அவர்களுடைய கவலை அல்ல.

இந்த நிலை வருவதற்கே பெரும்பாலும் ஒரு காரணம்தான்: மூன்று வாரம் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் உங்கள் வரைவுப் பக்கம்) வைத்துக்கொண்டு, கடைசி நாளில் பழைய உரையை அழித்து மொத்தத்தையும் ஒரே சேமிப்பில் கொட்டுவது. பார்ப்பவருக்கு அதில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, எல்லாவற்றையும் நீக்குகிறார். பிரிவு பிரிவாக, இரண்டு நாள் இடைவெளியில் சேர்த்திருந்தால் ஒரு பத்திதான் போயிருக்கும்.

நாங்கள் ஐந்து பேர் ஒரே கட்டுரையை எடுத்திருக்கிறோம். எப்படிப் பிரித்துக்கொள்வது?

பிரிவுவாரியாக. ஒரே நேரத்தில் ஒரே பத்தியில் இருவர் தொகுத்தால் இரண்டாவதாகச் சேமிப்பவருக்குத் ‘தொகுப்பு முரண்பாடு’ என்று வரும். பிரிவுக்கு அருகிலுள்ள ‘தொகு’ இணைப்பை மட்டும் பயன்படுத்தினால் இது வெகுவாகக் குறையும். அறிமுகப் பத்தியை எல்லோரும் முடித்த பிறகு ஒருவர் எழுதட்டும். ஆளுக்கு ஒரு கணக்கு கட்டாயம். குழுக் கணக்குக்கு அனுமதி இல்லை. உண்மையில் ஐந்து பேருக்கு ஒரு கட்டுரை குறைவு. தொடர்புள்ள மூன்று சிறு கட்டுரைகளை எடுத்து ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தால் சண்டையும் குறையும், வாசகருக்கும் பயன்.

நான் பேராசிரியர். மாணவர்கள் சேர்த்த பைட் அளவை வைத்து மதிப்பெண் போடலாமா?

தமிழில் அந்த எண் ஏமாற்றும். விக்கிப்பீடியா பயன்படுத்தும் யு.டி.எஃப்-8 என்ற யுனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது, 6 பைட். ஆகவே தமிழில் 6,000 பைட் என்பது சுமார் 2,000 குறியீடு, ஏறத்தாழ 230 சொல். ஆங்கிலத்தில் அதே 6,000 பைட்டில் ஆயிரம் சொல்லே எழுதிவிடலாம். வார்ப்புருவும் (பல பக்கங்களில் இடும் ஆயத்தப் பெட்டி) அட்டவணையும் ஒட்டி அளவை ஏற்றுவதும் எளிது.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கே தனியாக மதிப்பெண் வையுங்கள். மூன்று தலைப்பு, ஒவ்வொன்றிலும் இல்லாதது என்ன, அதை நிரப்பக் கையில் உள்ள சான்றுகள் எவை என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். மூன்றில் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு தொகுக்கத் தொடங்கட்டும். கட்டுரை நிலைத்ததா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். அது மாணவர் கையில் இல்லை. மீள்வித்தபோது பேச்சுப் பக்கத்தில் எப்படிப் பதில் சொன்னார் என்பதற்கு வையுங்கள்.

கணக்கை எப்போது தொடங்க வேண்டும்?

தலைப்பு முடிவாகும் முன்பே, முதல் வாரத்தில். ஆங்கில விக்கிப்பீடியாவில் அரைப் பூட்டுப் போட்ட பக்கங்களைத் தொகுக்கக் கணக்குக்கு நான்கு நாள் வயதும் 10 தொகுப்புகளும் வேண்டும். அதற்கு மேற்பட்ட பூட்டுக்கு 30 நாளும் 500 தொகுப்புகளும். அந்தப் பத்தை எழுத்துப்பிழை திருத்தியும் விடுபட்ட இணைப்புக் கொடுத்தும் செய்துவிடலாம். கெடு நாளன்று கணக்குத் தொடங்கினால் ‘தொகு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மூலத்தைப் பார்’ என்றுதான் இருக்கும்.